கரையாள்

உதயகுமாரைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். கோபம் எனக்கு மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். திருச்சுழியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் அத்தா ஜெய்னுலாப்தீன், "இவன் எம் மகன் பாசித். சைக்கிள் எடுக்க வாரவுகள மொறச்சே நடந்து போக வச்சிருவான்" என்றுதான் என்னை ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவார்.

உதயகுமார் பரளச்சிக்காரன். அவன் அப்பா காசிராஜன் அங்கே பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தார். மேல்நிலைப் படிப்புக்கு அவன் திருச்சுழிக்கு வந்தான். பஸ் இருந்தது, ஏறமாட்டான். சைக்கிளில்தான் வருவான், அதுவும் ரோட்டில் வரமாட்டான். கண்மாய்க் கரை, பருத்திக் காடு, ஓடை என்று குறுக்கே விழுந்து வந்து, சட்டையை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு வகுப்பு வாசலில் நிற்பான். வாத்தியார் இரண்டு போடுவார். மறுநாளும் அப்படியேதான் வருவான். அவன் டயரில் முள் பிடுங்கி பஞ்சர் ஒட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. அப்படிச் சிநேகமானோம்.

எங்கள் பக்கத்துச் சைக்கிள் பந்தயத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கோயில் பொங்கலுக்கு மாட்டு வண்டிப் பந்தயம் ரோட்டில் நடக்கும். அது முடிந்ததும் அதே ரோட்டில் சைக்கிள் பந்தயம். ஒரு வருடம் ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் யாரோ ஒரு மகராசன், "ரோட்டுலதான கூடாதுங்காக? கண்மாய்க்குள்ள ஓட்டுனா யாரு கேப்பா?" என்று எழுந்து கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து கண்மாய்ப் பந்தயம்தான் பந்தயம் என்று ஆகிவிட்டது.

கோயில் வாசலில் கிளம்பி, கரைமேல் ஏறி, கண்மாய்க்குள் இறங்கி, மடை வழியாக வெளியே வந்து, பருத்தி எடுத்து முடித்த காட்டைத் தாண்டி, ஓடைக்குள் விழுந்து எழுந்து, கருவேல முள்ளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் திரும்ப வேண்டும். மூன்று சுற்று. சைக்கிளில் மட்கார்டு இருக்காது, கேரியர் இருக்காது, ஸ்டாண்டு, பெல் எதுவும் இருக்காது. நடுக்கம்பியில் மட்டும் பழைய டியூபைச் சுற்றியிருப்பார்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஓடும்போது எலும்பு கன்றிப்போகாமல் இருக்க அது. பாதிப் பந்தயம் சைக்கிள் ஆளைச் சுமக்கும், பாதிப் பந்தயம் ஆள் சைக்கிளைச் சுமப்பான்.

சுமக்க வைப்பது கரிசல் மண். ஈரக் கரிசலில் டயர் இறங்கினால் ஒரு சுற்று சுற்றுவதற்குள் போர்க்குக்கும் டயருக்கும் நடுவில் கேப்பைக் களி மாதிரி அடைத்துக்கொள்ளும். சக்கரம் அசையாது. குச்சி வைத்து நோண்டி எடுப்பதற்குள் எதிராளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிடுவான். இதில் பெரிய மோசடி என்னவென்றால், கண்மாய் உள்வாயில் மேல்மண் காய்ந்து வெடித்துப் பார்க்க நல்ல தரையாக இருக்கும். இரண்டு விரல் கீழே களி. கண்ணால் பார்த்து ஒரு மண்ணும் தெரியாது. முந்தின நாள் வெறுங்காலோடு பாதை முழுக்க நடந்து, குதிகாலை ஊன்றி ஊன்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அப்படி நடந்து பார்க்கிறவனுக்குப் பெயர் கரையாள். ஓட்டுகிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கரையாள் உண்டு. பந்தயத்தன்று அவன் குறுக்கு வழியாக ஓடிப் போய், சந்தேகமான இடத்தில் நின்றுகொண்டு குரல் கொடுப்பான். இரண்டே குரல்தான். "எறங்கு" என்றால் குதித்துச் சைக்கிளைத் தோளில் போடு. "ஏறி வா" என்றால் தைரியமாக மிதி. மைக்கில் சொல்லும்போது இரண்டு பேரையும் சேர்த்தே சொல்வார்கள்: "பரளச்சி உதயகுமார், கரையாள் திருச்சுழி பாசித்." அந்த இரண்டாவது பெயருக்காக நான் எத்தனை நாள் தூங்காமல் புரண்டிருக்கிறேன் என்று அல்லாவுக்குத் தெரியும்.

நான் கரையாள் ஆனது என் வாய்க்கொழுப்பால். எண்பத்தைந்தில் பரளச்சியில் அவன் முதல் பந்தயம். அவனுக்குக் கரையாள் என்று வந்த சித்தப்பா மகன் கண்மாய்க்குள் வராமல் பந்தலில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தான். உதயகுமார் நேரே களியில் போய் மாட்டினான். கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. பந்தயம் முடிந்து, முழங்கால் வரைக்கும் மண்ணோடு அவன் என்னிடம் வந்தான்.

"நல்லாத் திட்டுறலே. அதையே மாட்டுறதுக்கு முன்னாடி திட்டுனா என்ன?"

அடுத்த பந்தயத்திலிருந்து முன்னாடியே திட்டினேன். எட்டு வருடம் திட்டினேன்.

அந்த எட்டு வருடம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். நரிக்குடிப் பக்கம், மறவர்பெருங்குடிப் பக்கம், அருப்புக்கோட்டையைச் சுற்றி எங்கே கோயில் பொங்கல் என்றாலும் எங்களுக்குத் தகவல் வந்துவிடும். முதல் இரண்டு வருடம் நரிக்குடிச் சோணைமுத்து எங்களுக்குத் தண்ணி காட்டினான். மூன்றாவது வருடத்திலிருந்து அவன் கண்ணில் விரலை விட்டு ஆட்டினோம். எவர்சில்வர் அண்டா, குத்துவிளக்கு, ஒரு முறை உயிரோடு ஒரு கிடாய். அந்தக் கிடாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். பரளச்சி வரைக்கும் அதை நடத்திக் கூட்டிப்போன கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மறவர்பெருங்குடிப் பந்தயத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். நல்ல ஈரமான வருடம். கண்மாய்க்குள் ஒரு வளைவில் எல்லாக் கரையாளும் "எறங்கு, எறங்கு" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நான் ஒருத்தன் மட்டும் "ஏறி வா" என்றேன். முந்தின நாள் நடந்து பார்த்தபோது, அந்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு ஆடுகள் தினமும் தண்ணிக்கு இறங்கிய தடம் இருந்தது. ஆட்டுக் குளம்பு மிதித்து மிதித்து அது மட்டும் கெட்டித்திருந்தது. உதயகுமாருக்கு அதைச் சொல்ல நேரமில்லை. ஒன்பது பேர் சைக்கிளைத் தோளில் தூக்குகிறார்கள். அவன் தலையைக் கூடத் தூக்காமல் என் குரல் வந்த பக்கம் நேரே மிதித்து வந்தான். அவன் அன்று ஜெயித்த தூரத்தை மைக் பிடித்தவர் இரண்டு முறை சொன்னார்.

பந்தயத்தில் அவன் தரையைப் பார்க்கமாட்டான். ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு வருவான். தரையைப் பார்க்க நான் இருந்தேன்.

காசிராஜன் மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அண்டாவை வாங்கிக் கடையில் அரிசி கொட்டி வைத்துக்கொண்டார். ஆனால் ஒரே மகன். "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் எப்படியும் ஓட்டு. அதுக்குள்ள இந்த ஓட்டம் ஒன்னய எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டா விடட்டும். இல்லையா, மறுநா காலையில வந்து கல்லாவுல உக்காரு" என்று சொல்லிவிட்டார். உதயகுமாரும் சரி என்றான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முதுகில் நம்பர் ஒட்டிய பனியனைப் போட்டுக்கொண்டு, நம் மாநிலத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பந்தயத்தில் ஒரே ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும். கண்மாயைத் தாண்டி அப்படி ஒரு பந்தயம் இருக்கிறதா என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது.

தொண்ணூற்றிரண்டில் தெரிந்தது. அருப்புக்கோட்டையில் தறி வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி பந்தயப் பைத்தியம். ஏதோ சைக்கிள் கழகம் ஒன்று மாநில அணிக்கு ஆள் எடுக்கிறது, சிறுமலை அடிவாரத்தில் மலைப் பாதையில் போட்டி, முதல் நான்கு பேர் பூனாவில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம் என்று ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். கியர் வைத்த, தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றை மதுரையிலிருந்து அவரே தருவித்தும் கொடுத்தார். உதயகுமாருக்கு அந்த வருடம் கார்த்திகையோடு இருபத்தைந்து முடிகிறது. போட்டி ஆவணியில். அவனுக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

எனக்கும் அப்போது ஒரு வாய்ப்பு வந்து காத்துக்கொண்டிருந்தது. அக்கா பர்வீனின் மாப்பிள்ளை சவுதியில் தம்மாமிலிருந்து விசா அனுப்பியிருந்தார். "உதயா பூனாவுக்குப் போகட்டும், பெறகு போறேன்" என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சிறுமலைக்கு முந்தின நாளே போய்விட்டோம். அங்கே போனதும் எனக்குக் கால் இருப்புக் கொள்ளவில்லை. பாதையை நடந்து பார்க்க வேண்டும். கயிறு கட்டியிருந்தார்கள். போட்டியாளர் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று விசில் மாட்டிய ஒருவர் சொன்னார்.

"நான் கரையாள்ங்க" என்றேன்.

"அப்படின்னா?"

விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "இங்க அதெல்லாம் கிடையாதுங்க. அந்தக் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க" என்றார். எட்டு வருடம் மைக்கில் பெயர் கேட்ட எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உதயகுமார் மட்டும் பாதையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். எல்லாம் செம்மண்ணும் சரளையும், காய்ந்து கிடக்கிறது, கவலையில்லை என்றான்.

விடியற்காலையில் ஒரு பாட்டம் மழை பெய்தது.

முப்பத்திரண்டு பேர் ஓட்டினார்கள். பாதி பேர் கோயம்புத்தூர், மெட்ராஸ் பையன்கள். தலையில் கவசம், கையில் உறை, காலில் என்னவோ பூட்டு மாதிரிச் செருப்பு. எங்கள் ஆள் கண்மாய்ப் பந்தயத்துக்குப் போடுகிற அரை டவுசரோடு நின்றான். ஐந்து சுற்று. முதல் சுற்றில் ஒன்பதாவது ஆளாக வந்தான். இரண்டாவதில் ஆறு. நான்காவதில் மூன்று. பாறை மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. கவசம் போட்ட பையன்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள், இவன் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறான். கூட்டத்தில் சிலர் "யாருய்யா அது?" என்று கேட்டார்கள். "எங்க ஊருக்காரன்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது.

நான்கு சுற்றும் நான் மேட்டில்தான் நின்றேன். எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. கடைசிச் சுற்றில், முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஓடை குறுக்கிடும் இடத்துக்குக் கயிற்றை ஒட்டியே ஓடி வந்து சேர்ந்தேன். அங்கே தண்ணீர் தேங்கிச் செக்கச் சிவப்பாகச் சகதி பளபளத்தது. என் கால் அந்த மண்ணைத் தொட்டதில்லை. என் குதிகாலுக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது. முந்தின நான்கு சுற்றில் முப்பது பேர் அதில் எப்படிப் போனார்கள் என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஈரம் கண்ணில் பட்டது. எட்டு வருடப் பழக்கம் வாய்க்கு வந்தது. பழக்கம் மட்டுமென்று சொன்னால் அது பொய். கரையாள் என்றால் என்ன என்று கேட்டார்களே, அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் எனக்கு இருந்தது.

முதல் ஆள் போனான். இரண்டாவது ஆள் போனான். நான் அவர்களைப் பார்க்கவே இல்லை. பின்னால் வளைவில் உதயகுமாரின் தலை தெரிந்தது. ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"எறங்கு!" என்று கத்தினேன்.

அவன் குதித்தான். சைக்கிளைத் தோளில் போட்டான். ஓடினான். நாற்பது எட்டு தூரம் இருக்கும். அவன் கால் அந்தச் சகதியில் ஒரு விரல் அளவுகூடப் புதையவில்லை. மேலே குழம்பு, அடியில் கருங்கல் மாதிரிச் சரளை. பின்னால் வந்த இரண்டு பேர் மிதித்தபடியே, தண்ணீரை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் ஏறி மிதித்து விரட்டிப் பிடிப்பதற்குள் கோடு வந்துவிட்டது. ஐந்தாவது.

விசில் மாட்டியவர் அவனிடம் வந்து, "அந்த எடத்துல ஏன் தம்பி எறங்குனீங்க? நல்ல கெட்டித் தரையாச்சே" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உதயகுமார் என்னைப் பார்க்கவே இல்லை. "தெரியலைங்க" என்றான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்றைக்கு வேறு ஆளாக இருந்திருப்பேன். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் போதும். அருப்புக்கோட்டையில் இறங்கி, "டீ குடிக்கியா?" என்று கேட்டான். குடித்தோம். அவ்வளவுதான்.

பரளச்சியில் கடைக்குள் அவன் முன்னால் போனான். நான் வாசலில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். காசிராஜன் மாமா தராசை விட்டுவிட்டு, "என்னப்பா ஆச்சு?" என்றார்.

"செயினு கழண்டுருச்சுப்பா" என்றான் உதயகுமார்.

அவன் பொய் சொல்லி நான் கேட்டதே கிடையாது. எனக்காக அவன் தன் அப்பாவிடம் பொய் சொல்கிறான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வார்த்தை காதில் விழுவதற்குள் இறங்கி நடந்துவிட்டேன். அதன் பிறகு பத்து நாள் பரளச்சிப் பக்கமே போகவில்லை. திருச்சுழியில் யார் கேட்டாலும் மதுரைக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். பதினோராம் நாள் பம்பாய்க்கு ரயில் ஏறினேன். அவனிடம் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அது எனக்கு வசதியான கேள்வியாக இருந்தது.

தம்மாமுக்கு அத்தாவின் முதல் கடிதம் வந்தது. வீட்டு விசேஷமெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "உதயா தம்பி நீ போன மறுநாள் இங்கே வந்தது. பாசித் எங்கே மாமா என்று கேட்டது. சவுதிக்குப் போனதைச் சொன்னேன். உள்ளே வா என்றேன், வரவில்லை. கொஞ்ச நேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நீ அதனிடம் சொல்லாமல் போயிருக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டேன். பதிலில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வருடம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பையன் சொன்னான். பங்குனியில் நரிக்குடிப் பக்கம் பந்தயமாம். உதயகுமாருக்குச் சங்கையா என்று ஒருவன் கரையாளாம். கரையிலிருந்து கண்மாய்க்குள் இறங்கும்போது சைக்கிள் குப்புறக் கவிழ்ந்து, தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்ததாம். மதுரையில் வைத்து ஆபரேஷன் செய்தும் ஒரு கால் குட்டையாகிவிட்டதாம். இனி சைக்கிள் மிதிக்க முடியாதாம். அந்தப் பையன் இதை ஊர்ச் செய்திகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணி இருக்கா அண்ணே என்று கேட்டான்.

சங்கையாவை நான் வாய் ஓயாமல் திட்டினேன். மண்ணு தெரியாத பயலுக்கு எதுக்குலே கரையாள் வேலை என்று தம்மாமில் உட்கார்ந்துகொண்டு கத்தினேன். என்னைத் திட்டிக்கொள்ள முடியாமல் அவனைத் திட்டினேன் என்பது எனக்கே தெரியும். உதயகுமாருக்கு ஒரு வரி எழுதவில்லை. தொண்ணூற்றைந்தில் விடுப்பில் வந்தபோது பஸ் பரளச்சியில் நின்றது. நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பான்.

தொண்ணூற்றேழில் அத்தா மௌத்தாகிவிட்டார். எனக்கு லீவு கிடைத்து வந்து சேர்வதற்குள் நாற்பதாம் நாள் பாத்திஹாவே நெருங்கிவிட்டது. அம்மாதான் சொன்னாள்.

"அடக்கத்துக்கு ஒங்கூட்டாளி வந்திருந்தான். அந்தக் கால வச்சுக்கிட்டு சந்தூக்குப் பெட்டிக்குத் தோளு குடுத்தான்டா. வேணாம் தம்பின்னு எல்லாரும் சொன்னாக. கேக்கல. பாசித் இல்லைல்ல, நான் தூக்குறேன்னு சொன்னான்."

மறுநாள் காலையில் பரளச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கல்லாவில் அவன்தான் இருந்தான். காசிராஜன் மாமா உள்ளே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். உதயகுமார் உடம்பு போட்டிருந்தான், முன்தலையில் முடி கொட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். பாதி எழுந்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தான்.

"வாலே" என்றான். "உக்காரு."

"அத்தாவத் தூக்குனியாமே."

"மாமாதானலே. கொஞ்ச தூரந்தான் தூக்குனேன். பெறகு ஆளு மாத்திட்டாக."

"சிறுமலையில நான் தப்பாச் சொல்லிட்டேன்லே" என்றேன்.

"தெரியும்."

"அது கெட்டித் தரை."

"தெரியும்ல. எறங்குறதுக்கு முன்னாடியே தெரியும். நாலு சுத்தும் அதுல மிதிச்சுத்தான வந்தேன், முன்னால போனவன் டயரு தடமும் கொஞ்சங்கூடப் பொதையல. அன்னைக்கு என்னமோ தரையப் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன்லே எறங்குன?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. சீனி வாங்க வந்த பெண் ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீ சொன்ன. எறங்குனேன்."

அந்தப் பெண்ணுக்குச் சீனி நிறுத்துக் கொடுக்க அவன் எழுந்தான். மூட்டை நாலு எட்டுதான் தள்ளியிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, அலமாரியைப் பிடித்து, அப்புறம் மூட்டையைப் பிடித்துப் போனான். நான் எழுந்தேன். உட்காரு என்று கையைக் காட்டினான். நிறுத்து, பொட்டலம் மடித்து, சணலைச் சுற்றி அறுத்துக் கொடுத்துவிட்டு அதே மாதிரி வந்து உட்கார்ந்தான்.

"எட்டு வருசத்துல ஒரு நாளு தப்பாப் போச்சு. அதுக்கு என்னலே?" என்றான்.

"பெறகு என்னத்துக்கு மாமாகிட்ட செயினு கழண்டுச்சுன்னு பொய் சொன்ன? என்னக் காப்பாத்தத்தான்? அதாம்லே எனக்குத் தாங்கல. அதாம்லே போனேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு நான் சொன்னது நிஜமாகவே புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"ஒனக்காகவா? எனக்காகச் சொன்னேன்லே. தோத்துட்டேன்னு சொன்னா அப்பா அன்னைக்கே கல்லாவுல உக்கார வச்சிருப்பாரு. செயினு கழண்டதுக்கு நான் என்னப்பா செய்ய, இன்னும் ஒரு வருசம் குடுங்கன்னு கேட்டேன். சரின்னுட்டாரு. ஒங்கிட்டச் சொல்லலாம்னு வாசலுக்கு வந்தா ஒன்னக் காணோம். பத்து நாளு வருவ, வருவன்னு பாத்தேன். அதச் சொல்லத்தான் திருச்சுழிக்கு வந்தேன்."

ஒரு நிமிடம். அந்த அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். அடுத்த ஆவணிக்குச் செம்மண்ணில் என் குதிகாலைப் பழக்கியிருப்பேன். கயிற்றுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகியிருப்பேன். அவன் பூனாவுக்குப் போயிருப்பான்.

"சங்கையாப் பய தப்பாச் சொல்லிட்டானோ?" என்று கேட்டேன். ஆம் என்று சொல்லிவிட மாட்டானா என்றுதான் கேட்டேன்.

"அவன் பாவம். 'ஏறி வா'ன்னு சரியாத்தான் சொன்னான். தரையும் நல்ல தரை. எனக்குத்தான் நம்ப முடியல. பாதி எறக்கத்துல பிரேக்கப் பிடிச்சுட்டேன்."

நான் அழுதேன். கடையில், பகலில், ஆட்கள் பார்க்க அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. உள்ளே மாமா விழித்துக்கொண்டு, "யாருப்பா அது?" என்று கேட்டார். "பாசித்துப்பா" என்று அவன் சொன்னான். அவர் சரி என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

திருச்சுழிப் பஸ் வந்து எதிரே நின்று ஹாரன் அடித்தது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"எப்பலே திரும்பப் போற?"

"வர்ற வெள்ளிக்கெழம. மெட்ராஸ்ல இருந்து."

"சரி" என்றான். கல்லா மேல் கிடந்த சணல் துண்டுகளைக் கையால் ஒரு ஓரமாகக் கூட்டினான். "இந்தத் தடவ சொல்லிட்டுப் போற."